டெரல் பக்கத்துல யாரு நின்னா? காலேஜ் ஃபுட்பால்ல மேட்ச்அப் வேலை செய்யுற விதம்

அமெரிக்கன் ஃபுட்பால்ல, அதாவது பந்த கைல எடுத்துட்டு ஓடியும் வீசியும் ஆடுற விளையாட்டுல, பெரிய மேட்ச்சுக்கு ஒரு வாரம் முன்னாடியே அமெரிக்கால எல்லாரும் ஆரம்பிச்சிடுவாங்க, இந்த ரிசீவர் (பந்து பிடிக்க ஓடுறவர்) அந்த கார்னர்பேக்க (ரிசீவருக்குக் காவல் நிக்கிறவர்) ஜெயிச்சிடுவானா, இந்த டேக்கிளால (முன்வரிசைல தடுக்கிறவர்) அந்த எட்ஜ் ரஷ்ஷர (ஓரத்துலேந்து பாய்ஞ்சு வர்றவர்) நிறுத்த முடியுமான்னு. ரெண்டு பேர் போட்டோவ பக்கத்துல பக்கத்துல வெச்சு உயரம், எடை, ஓட்ட வேகம்னு ஒரு அட்டவணை போட்டு, நடுவுல ஒரு டிக் மார்க். எனக்கு இந்த விளையாட்டு மேல பைத்தியம் பிடிச்சதே இந்த ஒத்தைக்கு ஒத்தை மோதல், மேட்ச்அப்னு சொல்ற விஷயத்தாலதான், ஆனா அந்த டிக் மார்க் அட்டவணை சொல்லாம விடுற விஷயம்தான் நிஜமான விஷயம்னு புரியுறதுக்கு எனக்கு ஒரு மேட்ச் தேவைப்பட்டுச்சு. 2020 ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம், காலேஜ் டீமுங்களோட தேசிய சாம்பியன்ஷிப் ஃபைனல், எல்எஸ்யூக்கும் (லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி) க்ளெம்சன் யுனிவர்சிட்டிக்கும்.

அந்த மேட்ச்சுக்கு முன்னாடி இருந்த நிலமைய பாருங்க. க்ளெம்சன் தொடர்ந்து 29 மேட்ச் ஜெயிச்சிருக்காங்க, அந்த சீசன்ல அதுவரைக்கும் ஒரு டீம் கூட அவங்க மேல 23 பாயிண்ட்ட தாண்டல, அந்த 23ம் செமி ஃபைனல்ல ஒஹாயோ ஸ்டேட் எடுத்தது. எல்எஸ்யூ பக்கம் குவாட்டர்பேக் (பந்து வீசுறவர்) ஜோ பரோ, காலேஜ்லயே சிறந்த வீரருக்கான ஹைஸ்மேன் ட்ரோஃபிய அந்த சீசன்ல ஜெயிச்சவர். ரிசீவர்ஸ்ல ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன். சேஸ்தான் அந்த வருஷம் நாட்டுலயே சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருது வாங்கினவர். அவருக்கு எதிரா க்ளெம்சனோட முதல் கார்னர்பேக் ஏ.ஜே. டெரல். முடிவு என்னாச்சுன்னா எல்எஸ்யூ 42, க்ளெம்சன் 25. சேஸ் மட்டும் 9 கேட்ச், 221 யார்டு (ஒரு யார்டு 0.91 மீட்டர்), 2 டச்டவுன் (எதிராளியோட கடைசிக் கோட்டுக்குள்ள பந்த கொண்டு போறது). அதுல பெரும்பாலும் எதிர்ல நின்னது டெரல். அன்னிக்கு ராத்திரி எல்லாரும் ஒரே வரில முடிச்சிட்டாங்க, டெரல் தேறல, சேஸ் வேற லெவல்னு.

சேஸ் வேற லெவல்ங்கறது உண்மைதான். ஆனா டெரலுக்கு அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு புரியணும்னா முதல்ல மைதானத்த அளந்து பாக்கணும்.

ஃபுட்பால் மைதானத்தோட அகலம் 160 அடி, அதாவது கிட்டத்தட்ட 49 மீட்டர். நடுவுல நீளவாக்குல ரெண்டு வரிசை சின்ன கோடு இருக்கும், ஹாஷ் மார்க்னு சொல்வாங்க, முந்தின ஆட்டம் (மேட்ச் இல்ல, அதுக்குள்ள ஒரு தடவ பந்து எடுத்து ஆடுறது) ஓரத்துல முடிஞ்சா அடுத்த ஆட்டம் அந்தப் பக்க ஹாஷ்லேந்து தொடங்கும். என்எஃப்எல்ல (தொழில்முறை லீக்) ரெண்டு ஹாஷுக்கும் நடுவுல பதினெட்டரை அடிதான், அதனால பந்து எப்பவும் ஏறக்குறைய நடுவுலயே இருக்கும். காலேஜ்ல அது 40 அடி. கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா பந்து இடது ஹாஷ்ல இருந்தா இடது பக்கம் 60 அடி, வலது பக்கம் 100 அடி, மைதானமே ஒரு பக்கமா சாஞ்ச மாதிரி ஆயிடுது. அகலமான பக்கத்த ஃபீல்டு சைடுன்னும் குறுகலான பக்கத்த பவுண்டரி சைடுன்னும் கோச்சுங்க சொல்வாங்க. நிறைய காலேஜ் டீம்ல கார்னர்பேக்க இடது வலதுன்னு பிரிக்காம ஃபீல்டு கார்னர், பவுண்டரி கார்னர்னே பிரிக்கிறாங்க, ரெண்டும் வேற வேற வேலை.

ஏன் வேற வேலைன்னு ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம், தோராயமாதான். குவாட்டர்பேக் ஆட்டம் தொடங்குற கோட்டுக்கு 7 யார்டு பின்னாடி நிக்கிறார், ரிசீவர் 10 யார்டு முன்னாடி ஓடி ஓரக்கோட்டு பக்கமா திரும்புறார். குறுகலான பக்கம்னா பந்து பறக்குற தூரம் ஏறக்குறைய 24 மீட்டர், அகலமான பக்கம்னா 34 மீட்டர். பந்து செகண்டுக்கு 22 மீட்டர் போகுதுன்னு வெச்சுக்கிட்டா ஒண்ணு 1.1 செகண்ட், இன்னொண்ணு 1.5 செகண்ட். வித்தியாசம் அரை செகண்டுக்கும் கம்மி. ஆனா அந்த நேரத்துல நல்லா ஓடுற ஒரு கார்னர்பேக் மூணு மீட்டருக்கு மேல வந்துடுவான், மூணு மீட்டர்னா கேட்ச்சுக்கும் இன்டர்செப்ஷனுக்கும் (எதிராளி பந்த பிடிச்சிடறது) நடுவுல இருக்குற தூரம். அதனால அகலமான பக்கம் ஷார்ட்டா வீசணும்னா கை பலம் வேணும். குறுகலான பக்கம் பந்து சீக்கிரம் வந்துடும், ஆனா கார்னருக்கு ஓரக்கோடே ஒரு துணை ஆளு மாதிரி. மேட்ச்அப்னு சொல்றப்போ எந்தப் பக்கம்னு கேக்காம சொன்னா அதுல பாதி விஷயம் இல்ல.

இப்ப ரிசீவருக்கும் கார்னருக்கும் நடுவுல நடக்குறதுக்கு வருவோம், எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இது. கபடில ரெய்டர் எந்தப் பக்கம் கால் போடுவான்னு அவனுக்குத் தெரியும், பிடிக்கிறவனுக்குத் தெரியாது இல்லயா, அதேதான் இங்கயும். ரிசீவருக்கு தான் எங்க திரும்பப் போறோம்னு தெரியும், கார்னருக்குத் தெரியாது. கண்ணுல பட்டத மூளை புரிஞ்சுக்கிட்டு கால் அசையறதுக்கு மனுஷனுக்கு எப்படியும் 0.2 செகண்ட் ஆகும், எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் அதுல பெருசா குறைக்க முடியாது. ரிசீவர் செகண்டுக்கு 8, 9 மீட்டர்ல ஓடிட்டு வந்து ஒரு காலை ஊனி திரும்பினார்னா அந்த 0.2 செகண்டுக்குள்ளயே ஒரு மீட்டருக்கு மேல இடைவெளி விழுந்துடும். இத்தனைக்கும் கார்னர் பாதி நேரம் பின்பக்கமா ஓடுறார், இடுப்பத் திருப்பி முன்பக்கமா ஓட ஆரம்பிக்கவே தனியா நேரம் வேணும். அப்படிப் பாத்தா கார்னர் ஒவ்வொரு தடவையும் தோக்கணும். தோக்காம இருக்குறதுக்குக் காரணம், அவர் அந்த சந்தேகத்த முன்கூட்டியே குறைச்சுக்கறார். உள்பக்கமா நின்னு உள்ள போற வழிய மூடிட்டா வெளிய மட்டும்தான் பாக்கணும். இல்லன்னா ஸ்னாப் (பந்த பின்னாடி குடுத்து ஆட்டத்த தொடங்குறது) ஆன உடனே நெஞ்சுல கை வெச்சுத் தடுக்கறது, ப்ரெஸ்னு பேரு. குவாட்டர்பேக் ரிசீவர் திரும்புறதுக்கு முன்னாடியே பந்த விட்டுடுவார், எல்லாம் எண்ணி வெச்ச அடி கணக்கு. அதுல கால் செகண்ட் தாமதப்படுத்திட்டாலே பந்து ஆள் இல்லாத இடத்துல போய் விழும். என்எஃப்எல்ல 5 யார்டுக்கு அப்புறம் இப்படித் தொட்டா பெனால்ட்டி, காலேஜ்ல அந்த 5 யார்டு கணக்கு கிடையாது, அதனால காலேஜ்ல பலசாலி கார்னருக்கு கொஞ்சம் கூடுதல் சலுகை.

ஆனா ப்ரெஸ்ல ஒரு ஆபத்து இருக்கு. கை வெச்சது சரியா படலன்னா ரிசீவர் அவர தாண்டி ஓடிட்டார்னு அர்த்தம், அதுக்கப்புறம் காப்பாத்த பின்னாடி ஒரு சேஃப்டி (ஆழத்துல கடைசிக் காவலா நிக்கிறவர்) இருக்கணும். சேஸ் 6 அடி உயரம், 90 கிலோவுக்கு மேல, அவர் நெஞ்சுல கை வெச்சா அந்தக் கையத் தட்டிவிட்டுட்டுப் போற உடம்பு அவருக்கு.

சரி, சேஃப்டி வந்து காப்பாத்தலாமே? இங்கயும் மைதானத்தோட அளவுதான் பேசுது. ஒரே ஒரு சேஃப்டி நடுவுல ஆழமா நிக்கிறார்னு வைங்க, அவருக்கும் ஓரக்கோட்டுக்கும் 24 மீட்டர். நீளமா வீசின பந்து காத்துல இருக்குறது ரெண்டு, ரெண்டரை செகண்ட். செகண்டுக்கு 8 மீட்டர்னு வெச்சாலும், பாத்து கிளம்புற நேரத்தக் கழிச்சா அவரால 15லேந்து 18 மீட்டர்தான் வர முடியும். அவர் பந்து கைய விட்டுப் போறதுக்கு முன்னாடியே கிளம்பினாதான் உண்டு, குவாட்டர்பேக் வேணும்னே எதிர்ப்பக்கம் பாத்துட்டு நின்னா அதுக்கும் வழி இல்ல. அந்த சீசன் பூரா பரோ இதத்தான் செஞ்சார், கண்ணாலயே சேஃப்டிய கட்டிப் போடுறது.

ரெண்டு சேஃப்டிய பின்னாடி நிறுத்தலாம். அப்ப வேற இடத்துல ஆள் குறையும். டிஃபென்ஸ்ல 11 பேர், பந்து பிடிக்கப் போறவங்க அதிகபட்சம் 5 பேர். 4 பேர் குவாட்டர்பேக்க துரத்தினா மிச்சம் 7. ரெண்டு பேர் ஆழத்துல போனா 5 பேருக்கு 5 பேர், எல்லாரும் ஒத்தைக்கு ஒத்தை. எல்எஸ்யூ அடிக்கடி பண்ணது இதுதான், பேக்ஃபீல்டுல (குவாட்டர்பேக் பக்கத்துல) ஒருத்தரக் கூட வெச்சுக்காம அஞ்சு பேரையும் அகலமா பரப்பிடுவாங்க. ரன்னிங் பேக் (பந்த எடுத்துட்டு ஓடுறவர்) க்ளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் ரிசீவர் மாதிரி ஓரமா போய் நின்னா, அவர் கூட ஒரு லைன்பேக்கர் (டிஃபென்ஸ் முன்வரிசைக்குப் பின்னாடி நிக்கிறவர்) போறாரா கார்னர் போறாரான்னு பாத்தாலே டிஃபென்ஸ் என்ன திட்டத்துல இருக்குன்னு பரோவுக்குத் தெரிஞ்சிடும். ஒரு ரிசீவர ஸ்னாப்புக்கு முன்னாடி குறுக்க ஓட விடுறதும் இதுக்குத்தான், எதிராளி ஒருத்தர் கூடவே ஓடினா மேன் கவரேஜ் (ஆளுக்கு ஆள் காவல்), யாரும் அசையலன்னா பெரும்பாலும் ஸோன் (ஆளுக்கு ஒரு இடம்னு காவல்). க்ளெம்சன்ல ஐசையா சிம்மன்ஸ்னு ஒரு அபூர்வமான ஆள் இருந்தார், லைன்பேக்கர் உடம்பு, கார்னர்பேக் வேகம், எங்க வேணா நிக்க வெக்கலாம், ஆனா அவரும் ஒரு நேரத்துல ஒரு இடத்துலதான் நிக்க முடியும்.

அந்த 7 பேருக்குக் கணக்கு கட்டாதப்போ கோச் என்ன செய்வார்? ப்ளிட்ஸ். 4 பேருக்கு பதிலா 5, 6 பேர அனுப்பி பந்து வீசவே நேரம் குடுக்காம பண்றது. அப்ப க்ளெம்சனோட டிஃபென்ஸ் கோச்சா இருந்த ப்ரெண்ட் வெனபிள்ஸ் இதுல கெட்டிக்காரர். பரோவ அன்னிக்கு 5 தடவ சாக் பண்ணாங்க (பந்து வீசறதுக்கு முன்னாடியே கீழ சாய்க்கறது). அதே பரோ 463 யார்டு, 5 டச்டவுன் பாஸ். இந்த ரெண்டு எண்ணும் ஒண்ணுக்கொண்ணு முரண்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, எனக்கு அப்படித் தோணல, ஒரே கணக்கோட வரவும் செலவும்தான் அது. முன்னாடி ஒரு ஆள கூட்டினா பின்னாடி ஒரு ஆள் குறையுது, குறையுற இடம் எதுன்னா டெரலுக்குப் பின்னாடி.

முன்வரிசைல நடக்குற மோதல சுருக்கமா சொல்லிடறேன். அங்க நிறைய பேர் 130, 140 கிலோ, எடை ஏறக்குறைய சமம்ங்கறதால யார் தாழ்வா இருக்காரோ அவர் ஜெயிக்கிறார். கீழேந்து மேல தள்ளுற விசை எதிராளியோட காலுக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பக் குறைக்குது, பிடிப்பு போச்சுன்னா எவ்வளவு பலம் இருந்தும் பிரயோஜனம் இல்ல. கை நீளம் அதனாலதான் முக்கியம், முதல்ல எதிராளி நெஞ்சுல கை வெக்கறவர்தான் தூரத்த தீர்மானிக்கிறார். அவங்களுக்கு வேண்டியது ரெண்டரை, மூணு செகண்ட் தாக்குப் பிடிக்கறது, அவ்வளவுதான்.

காலேஜுக்கே உரிய இன்னொரு விதி இருக்கு. பாஸ் ஆட்டத்துலயும் முன்வரிசை ஆளுங்க 3 யார்டு வரைக்கும் முன்னாடி போகலாம், என்எஃப்எல்ல 1 யார்டுதான். அதனால ரன் மாதிரியே ஆரம்பிச்சு, ஒரே ஒரு லைன்பேக்கர மட்டும் பாத்துட்டு, அவர் ரன்ன தடுக்க ஓடி வந்தா அவர் விட்ட இடத்துல பாஸ், அவர் நின்னா ரன்னுனு ஆட முடியுது, ரன்-பாஸ் ஆப்ஷன், சுருக்கமா ஆர்பிஓன்னு சொல்வாங்க. இதுல அந்த லைன்பேக்கர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் தப்புதான், அவர் எதப் பண்ணாலும் பந்து அவர் பண்ணாத பக்கம் போகும். மேட்ச்அப் அட்டவணைல இந்த ஆள் பேருக்கு எதிர்ல யார் பேரும் இருக்காது. எட்வர்ட்ஸ்-ஹெலேர் ஃபைனல்ல 16 ஓட்டத்துல 110 யார்டு எடுத்தார், பாஸுக்குப் பயந்து முன்னாடி ஆள் குறைஞ்சதும் அதுக்கு ஒரு காரணம்.

அப்ப ஏன் ஒவ்வொரு ஆட்டமும் சேஸுக்கே வீசல? வீசினா டிஃபென்ஸ் அங்க ரெண்டு பேர அனுப்பும், அனுப்பினா ஜெஃபர்சன் தனியாவார். அன்னிக்கு ஜெஃபர்சனுக்கும் 9 கேட்ச், 106 யார்டு. கோல் லைன் பக்கத்துல டைட் எண்ட் (முன்வரிசை ஓரத்துல நின்னு பந்தும் பிடிக்கிறவர்) தாடியஸ் மாஸ் ரெண்டு டச்டவுன். கணிதத்துல கேம் தியரின்னு சொல்றாங்களே, அது இதத்தான் சொல்லுது, உன்னோட பெஸ்ட் ஆயுதத்தையே எல்லா தடவையும் எடுக்காத, எதிராளி எந்தப் பக்கம் சாஞ்சாலும் அவனுக்கு லாபம் இல்லாத அளவுக்குக் கலந்து எடு. கல்லு காகிதம் கத்தரிக்கோல் விளையாடுறப்போ எப்பவும் கல்லே காட்டினா தோக்கறோம் இல்லயா.

மேட்ச்சுக்கு முன்னாடி வர்ற புள்ளிவிவரத்த பத்தியும் ஒண்ணு சொல்லணும். காலேஜ்ல அப்ப ஒரு டீமுக்கு ஒரு சீசனுக்கு 12லேந்து 15 மேட்ச்தான், எதிராளிங்களோட தரம் மலைக்கும் மடுவுக்குமா இருக்கும். அதனால ரெண்டு டீமும் பொதுவா மோதின ஒரு எதிராளியத் தேடுறது பழக்கம். 2019ல அது டெக்சஸ் ஏ அண்ட் எம். க்ளெம்சன் அவங்கள 24-10ன்னு ஜெயிச்சது செப்டம்பர்ல, எல்எஸ்யூ 50-7ன்னு ஜெயிச்சது நவம்பர் கடைசில. இது ஒண்ண மட்டும் வெச்சு எல்எஸ்யூ ஜெயிக்கும்னு சொல்றது அவசரம், நடுவுல கிட்டத்தட்ட மூணு மாசம் ஓடிருக்கு, 19, 20 வயசு பசங்க அந்த நேரத்துல எவ்வளவோ மாறிடுவாங்க. எல்எஸ்யூ அந்த வருஷம் டெக்சஸ், ஃப்ளோரிடா, ஆபர்ன், அலபாமா, ஜார்ஜியான்னு வரிசையா பெரிய டீமுங்களோட மோதி வந்தாங்கங்கறது என் கணக்குல அதவிட கனமான விஷயம், ஏன்னா விதவிதமான டிஃபென்ஸ் திட்டங்கள பரோ முன்னாடியே பாத்தாச்சு.

பாத்திருந்தும் முதல்ல தடுமாறினாங்க. ரெண்டாவது குவாட்டர்ல க்ளெம்சன் 17-7ன்னு முன்னாடி இருந்தாங்க. எல்எஸ்யூவோட அந்த 7 வந்ததே சேஸ் பிடிச்ச 52 யார்டு டச்டவுன்லதான். அங்கேந்து இடைவேளைக்குள்ள எல்எஸ்யூ 28-17. எதிர்ப்பக்கம் க்ளெம்சன் குவாட்டர்பேக் ட்ரெவர் லாரன்ஸ் 37 பாஸ்ல 18தான் கம்ப்ளீட் பண்ணார், ஒரு டச்டவுன் பாஸ் கூட இல்ல, காலேஜ்ல ஸ்டார்ட் பண்ண மேட்ச்ல அவரோட முதல் தோல்வி அது.

அந்த ராத்திரி தேறலன்னு சொன்னாங்களே டெரல், மூணு மாசம் கழிச்சு என்எஃப்எல் ட்ராஃப்ட்ல (டீமுங்க வரிசையா காலேஜ் வீரர்கள எடுக்கறது) அட்லாண்டா டீம் அவர 16வதா எடுத்தாங்க, 2021 சீசன்ல ஆல்-ப்ரோ (லீக்லயே சிறந்தவங்க பட்டியல்) ரெண்டாவது டீம்ல இடம் பிடிச்சார். அதே கால், அதே கண்ணு. அந்த மேட்ச்சோட வீடியோ கிடைச்சா சேஸோட ஒவ்வொரு கேட்ச்சையும் ஸ்னாப்புக்கு ஒரு செகண்ட் முன்னாடி நிறுத்துங்க. சேஸ பாக்காதீங்க, டெரலையும் பாக்காதீங்க. பந்து எந்த ஹாஷ்ல இருக்கு, சேஃப்டி எங்க நிக்கிறார், குவாட்டர்பேக்க துரத்த எத்தனை பேர் குனிஞ்சு நிக்கிறாங்கன்னு மட்டும் எண்ணிப் பாத்துட்டு அப்புறம் ப்ளே பட்டன அழுத்துங்க.