என்ன மை என்று தெரியாமல் தண்ணீர் வைக்காதீர்கள்

மை ஓவியத்தைச் சீர்செய்யக் கொண்டுவருபவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "இந்தப் பழுப்புக் கறையைக் கழுவி எடுத்துவிடலாமா?" என்பதுதான். பதிலுக்கு நான் கேட்பது: இது என்ன மை? பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அது தெரிகிறவரை காகிதத்தின் பக்கம் ஈரமே போகக் கூடாது. இதை விளக்க நான் எப்போதும் எடுப்பது ஜப்பானிய ஓவியர் டோக்கோ ஷினோடாவின் படைப்புகளை.

1913-இல் சீனாவின் டாலியன் நகரில் பிறந்து, 2021-இல் 107 வயதில் மறைந்தவர். தூரிகை எழுத்துக்கலையில் தொடங்கியவர். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் எழுத்தை உதறிவிட்டு, கை வீச்சை மட்டும் வைத்துக்கொண்டு அரூபமாக வரைந்தார். 1956-இல் நியூயார்க் சென்றார். பெட்டி பார்சன்ஸ் காட்சிக்கூடம் அவர் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. ஆனால் அந்த ஊரின் வறண்ட காற்றில் மை பரவுவதற்குள் உலர்ந்துவிட்டது. ஜப்பானின் ஈரக்காற்றுதான் தன் மைக்கு ஒத்துவரும் என்று திரும்பிவிட்டார். மையை இந்த அளவுக்கு அறிந்தவரின் படத்தைத்தான் சிலர் ஈரத்துணியால் துடைக்கத் துணிகிறார்கள்.

அவர் பயன்படுத்திய சூமி மை, புகைக்கரியையும் விலங்குப் பசையையும் பிசைந்து உலர்த்திய கட்டி. கல்லில் நீர் விட்டு உரைத்தால் மை. கரி என்பதால் வெளிச்சத்தில் வெளுக்காது. இதைச் சொன்னதும் சிலர் படத்தை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டக் கிளம்பிவிடுவார்கள்! மை வெளுக்காதே தவிர, காகிதம் பழுக்கும். அதோடு ஷினோடா சில படங்களில் சிந்தூரச் சிவப்பு தீட்டியிருக்கிறார். அந்த நிறமி வெளிச்சத்தில் கறுக்கக்கூடியது. மெல்லிய வெள்ளி ரேக்கின் மேல் வரைந்தவையும் உண்டு. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டால் வெள்ளி மங்கும். ஒரே படத்துக்குள்ளேயே ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய்.

இதைவிடச் சிக்கலானவை அவருடைய லித்தோகிராஃப்கள், அதாவது கல்லில் வரைந்து காகிதத்தில் அச்செடுத்த படங்கள். கல்லச்சு மை எண்ணெய்ப் பிசுக்குள்ளது, தண்ணீருக்கு எளிதில் அசையாது. "அச்சுப் படம்தானே, கழுவினால் என்ன?" என்று தோன்றுவது இதனால்தான். ஆனால் அச்சான பிரதிகள் பலவற்றின் மேல் அவர் தன் கையாலேயே தூரிகைக் கோடுகள் சேர்த்திருக்கிறார். தொட்டியில் இட்டால் அச்சு அப்படியே இருக்க, கைக்கோடு கரைந்து ஓடலாம். உருப்பெருக்கியில் பார்த்து, கோட்டின் ஓரத்தில் ஊசிமுனை அளவு ஈரம் வைத்து, ஒற்றுத்தாளில் நிறம் இறங்குகிறதா என்று ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியாகச் சோதித்த பிறகுதான் நாங்களே முடிவெடுப்போம். வீட்டில் செய்து பார்க்கிற சோதனை அல்ல இது.

வீட்டில் செய்யக்கூடியவை வேறு. சட்டம் போடும்போது படத்தைப் பொருத்த அமிலமில்லாத அட்டை (மவுண்ட் போர்டு) கேளுங்கள். மலிவான அட்டை சில ஆண்டுகளில் படத்தைச் சுற்றிப் பழுப்புக் கோடு போட்டுவிடும். கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கட்டும். அருங்காட்சியகங்கள் காகிதப் படைப்புகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மங்கலான வெளிச்சமே தருகின்றன. வீட்டில் நேர்வெயில் படாத சுவர் போதும். காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சை வரும், பசையைத் தேடி ராமபாணப் பூச்சியும் வரும். வெளிச்சுவரின் உட்பக்கத்திலும் குளியலறைச் சுவரிலும் மாட்ட வேண்டாம். கிழிசலில் செலோ டேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் செய்துவிட்டால், உண்மையைச் சொல்கிறேன், அதற்குப் பிறகு எங்களால் ஆவது மிகக் குறைவு.

கூரை ஒழுகிப் படம் நனைந்துவிட்டால் துடைக்காதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள், இஸ்திரிப் பெட்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். முகம் மேலே இருக்கும்படி சமமாகப் படுக்கவைத்து, காற்றோட்டமான நிழலில் விடுங்கள். காகிதம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிரிக்க முயல வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே கொண்டுவாருங்கள்.