கட்சி மாறினால் பதவி போகுமா? கட்சித் தாவல் தடைச் சட்டம் சொல்வது என்ன

2017 பிப்ரவரி 18 அன்று சட்டப்பேரவையில் எடப்பாடி பழனிசாமி அரசு நம்பிக்கை வாக்குக் கோரியது. ஓ. பன்னீர்செல்வம் உட்பட அ.தி.மு.க. உறுப்பினர்கள் 11 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்கள் பதவி போகவில்லை. ஆறு மாதம் கழித்து அதே கட்சியின் 19 பேர் ஆளுநரைச் சந்தித்து, முதல்வருக்கு ஆதரவு இல்லை என்று ஆளுக்கொரு கடிதம் கொடுத்தார்கள். பேரவையில் வாக்கெடுப்பே நடக்கவில்லை. ஆனாலும் அவர்களில் 18 பேரின் பதவி செப்டம்பர் 18 அன்று பறிபோனது.

இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான். 1985-இல் 52-ஆவது திருத்தத்தின் மூலம் அரசமைப்பில் சேர்ந்த பத்தாவது அட்டவணை அது.

பதவி போக முக்கியமான வழிகள் இரண்டு. கொறடா உத்தரவை, அதாவது எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் இடப்படும் கட்டளையை, மீறி வாக்களிப்பது, அல்லது வாக்களிக்காமல் ஒதுங்குவது முதல் வழி. இதில் கட்சி 15 நாட்களுக்குள் மன்னித்துவிட்டால் சிக்கல் இல்லை. மற்றொன்று, கட்சி உறுப்பினர் பதவியைத் தாமாகவே கைவிடுவது. இதற்கு ராஜினாமாக் கடிதம் வேண்டும் என்பதில்லை, நடத்தையே போதும் என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் சொன்னது. ஆளுநர் மாளிகை வாசலேறிய 18 பேரும் மாட்டிக்கொண்டது இதில்தான்.

கட்சியே நீக்கிவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. தமிழகத்தைச் சேர்ந்த ஜி. விசுவநாதன் வழக்கில் 1996-இல் அந்தக் கதவும் சாத்தப்பட்டது. நீக்கப்பட்டவரும், தேர்தலில் நிறுத்திய கட்சியின் உறுப்பினராகவே கருதப்படுவார். வேறு கட்சியில் சேர்ந்தால் பதவி போகும்.

முன்பு மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் பாதுகாப்பு இருந்தது. 2003-இல் வந்த 91-ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. இப்போது ஒரு கட்சி இன்னொரு கட்சியோடு சேரும் இணைப்புக்கு மட்டும் விலக்கு; அதற்குச் சட்டமன்றக் கட்சியில், அதாவது அவையில் உள்ள அக்கட்சி உறுப்பினர்களில், மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். சில்லறையாகத் தாவினால் குற்றம், மொத்தமாகத் தாவினால் இணைப்பு!

மாநிலங்களவைத் தேர்தலில் கட்சி மாற்றி வாக்களித்தாலும் இந்தச் சட்டப்படி பதவி போகாது.

தீர்ப்புச் சொல்பவர் சபாநாயகர். பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர். எத்தனை நாளில் முடிவெடுக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை, பிணியே அங்குதான். எதிர்த்து வாக்களித்த அந்த 11 பேரின் பதவி போகாததும், அவர்கள் விஷயத்தில் சபாநாயகர் முடிவெடுக்காததால்தான். பொதுவாக மூன்று மாதம் போதும் என்று 2020-இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. முடிவு வந்த பிறகு நீதிமன்றம் போகலாம். 18 பேர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் 2018 ஜூனில் மாறுபட்ட தீர்ப்பு அளிக்க, மூன்றாவது நீதிபதி அக்டோபரில் தகுதிநீக்கத்தை உறுதிசெய்தார்.

பதவி இழந்தவர் இடைத்தேர்தலில் மறுபடி நிற்கத் தடையில்லை. ஆனால் மீண்டும் வெல்லும் வரை, அல்லது பழைய பதவிக்காலம் முடியும் வரை அமைச்சராக முடியாது. அந்த 18 தொகுதிகளுக்கும் இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரல், மே மாதங்களில்தான். அதுவரை ஒன்றரை ஆண்டுக்கு மேல் அங்கெல்லாம் மனுக் கொடுக்க எம்.எல்.ஏ. கிடையாது.