சொத்தை குழந்தைக்கு, தூக்கம் போவது வீட்டுக்கே

பகலெல்லாம் ஓடியாடிய குழந்தை, படுத்த கொஞ்ச நேரத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழும். ‘இத்தனை நேரம் நல்லாத்தானே இருந்தது?’ என்று பெற்றோர் குழம்புவார்கள். அடம்பிடிக்கிறது என்று அதட்டு வாங்கும் குழந்தைகளும் உண்டு.

காரணம் பல் சொத்தையாக இருக்கலாம். பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் கொண்ட பற்கூழ் இருக்கிறது. சொத்தை அதை எட்டினால் அங்கே அழற்சி வரும். உடம்பில் வேறெங்கே அழற்சி வந்தாலும் அந்த இடம் வீங்கிக்கொள்ளும். பற்கூழைச் சுற்றிலும் கெட்டிச் சுவர், வீங்க இடமில்லை. படுத்ததும் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடுவதால் உள்ளே நெருக்கடி முற்றி, வலி விண்விண்ணென்று தெறிக்கிறது. பகலில் கவனத்தைத் திருப்ப விளையாட்டாவது இருந்தது.

பால் பல்லில் சொத்தை பற்கூழை எட்டவும் அதிக நாள் பிடிக்காது. அதன் எனாமல், அதாவது கெட்டியான மேலுறை, நிரந்தரப் பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதித் தடிமன்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, பால் பல் சொத்தை உள்ள குழந்தைகள் சுமார் 51.4 கோடி. ‘விழப்போகிற பல்தானே’ என்பார்கள். கடைவாய்ப் பால் பற்கள் விழ 10, 12 வயதாகும். மூன்று வயதில் சொத்தையானால் அதுவரை யார் பொறுப்பது?

சின்னக் குழந்தைகளின் பல் பிரச்சினை குழந்தையையும் குடும்பத்தையும் எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க 2007-இல் வெளியான ஒரு கேள்வித்தாளில் மொத்தம் 13 கேள்விகள். ஒன்பது குழந்தையைப் பற்றியவை. மிச்சம் நான்கும் குடும்பத்துக்கு: மனம் கலங்கினீர்களா, குற்ற உணர்வு வந்ததா, வேலைக்கு விடுப்பு எடுத்தீர்களா, பணக்கஷ்டம் ஏற்பட்டதா? விடுப்பையும் செலவையும் கணக்குப் போட்டுவிடலாம். பல பற்கள் கெட்ட சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்ய நேர்ந்தால் இரண்டும் எகிறும். என்னைக் கேட்டால், குற்ற உணர்வுதான் பொல்லாதது. ‘நான் பார்க்காமல் விட்டேனே’ என்று கூசுகிறவர், மருத்துவரிடம் போவதையே தள்ளிப்போடக்கூடும்.

இதற்கிடையே சாப்பாட்டு நேரமும் சண்டையாகிறது. மென்றால் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை தட்டைத் தள்ளிவிடும்.

இரவு அழுகையை அடக்க, அரைத்தூக்கத்தில் பால் புட்டியைக் கையில் கொடுப்பதும் நடக்கிறது. பற்களில் ஒட்டியிருக்கும் கிருமிகள் அந்தப் பாலில் உள்ள சர்க்கரையை அமிலமாக்கும். அதைக் கழுவித் தணிக்க வேண்டிய உமிழ்நீரோ, தூக்கத்தில் வெகுவாகக் குறைந்துவிடும். அமிலம் கூடக் கூடக் குறைகிற பிஎச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கியதும் எனாமல் கரையத் தொடங்கும். வீடு அசந்து தூங்கும் அந்த நேரத்தில்தான் பக்கத்துப் பல்லிலும் சொத்தை விழுகிறது.