பெடிங், ஃப்ளோட்டிங்: பதித்தலும் தொடாக்குழலும்

ரைபிளை பெடிங் செய்து குழலையும் ஃப்ளோட் செய்த பிறகு குறி முன்பைவிட மோசமாகிவிட்டது என்று புலம்புபவர்கள் உண்டு. பழுதைத் தேடுமுன் இந்த இரண்டு சொற்களும் எதைச் சொல்கின்றன என்று பார்த்துவிடுவது நல்லது.

அதற்கு முன் துப்பாக்கியின் இரண்டு பாகங்கள். குழலைத் தாங்கி, தோளில் வைத்துப் பிடிக்க உதவுவது ஸ்டாக். இந்தச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் அடிமரம், மரத்துண்டு என்று பொருள். 'துப்பாக்கிக் கட்டையால் அடித்தான்' என்று நாம் சொல்வதும் அதே வழியில்தான். இன்று கண்ணாடியிழையிலும் அலுமினியத்திலும் கட்டை வந்தாலும் பெயரை மாற்றத் தேவையில்லை. பேரல் என்றால் பீப்பாய். பழைய பீரங்கிகளைப் பீப்பாய் கட்டுவதுபோல, இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி மேலே வளையங்களை மாட்டி இறுக்கிச் செய்தார்கள். தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் கிடக்கும் நாயக்கர் காலத்துப் பீரங்கி அந்த முறையில் வந்ததுதான். தமிழில் குழல் என்றாலே போதும்.

இனி பெடிங். பெட் என்பதைப் படுக்கை என்று மட்டும் எடுத்துக்கொண்டு 'படுக்கை அமைத்தல்' என்று எழுதினால் மெத்தைக் கடை விளம்பரம்போல் ஆகிவிடும். இங்கே வேண்டிய பொருள், ஒன்று அசையாமல் அமர்வதற்கான தளம். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட் ஓடும் எஃகு உடலை ஆக்‌ஷன் என்பார்கள். அதன் அடியில், முன்பக்கம், ரிகாயில் லக் என்ற ஒரு முனைப்பு இருக்கும். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும் விசையைக் கட்டைக்குக் கடத்துவது அதுதான். அமரும் இடத்தில் இடைவெளி இருந்தால், ஒவ்வொரு வெடிக்கும் ஆக்‌ஷன் சற்றே வேறு இடத்தில் போய் நிற்கும். மரக்கட்டை ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கிக்கொண்டும் இருக்கும். அதனால்தான் கண்ணாடியிழையோ உலோகத் தூளோ கலந்த எபாக்ஸி என்ற இறுகும் பசையைக் கட்டைக்குள் இட்டு, ஒட்டாமலிருக்க மெழுகு பூசிய ஆக்‌ஷனை அதில் அமர்த்தி இறுக விடுகிறார்கள். ஆக்‌ஷனைக் கட்டையோடு பிணைக்கும் திருகு மரத்தை நசுக்காதபடி அலுமினியக் குழாய்களை உள்ளே வைப்பதற்குப் பில்லர் பெடிங் என்று பெயர். இந்த வேலைக்கு என் தேர்வு 'பதித்தல்'. நகை ஆசாரி கல் பதிப்பதைப் பார்த்தவருக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

ஃப்ரீ ஃப்ளோட்டிங்கில் எதுவும் மிதப்பதில்லை. குழல் ஆக்‌ஷனில் மட்டும் பிணைந்திருக்கும். அதற்கு முன்னால் கட்டையில் எங்கும் படாது. சுடும்போது குழல் அதிர்கிறது, சூடேறினால் விரிகிறது. கட்டை அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் அழுத்தம் வெடிக்கு வெடி மாறும். 'மிதக்கும் குழல்' என்ற மொழிபெயர்ப்பு தளர்ந்து ஆடுவது போன்ற எண்ணத்தைத் தருகிறது. 'தொடாக்குழல்' என்பதே சரி. ஒரு ரூபாய்த் தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுனியிலிருந்து ஆக்‌ஷன் பக்கம் இழுத்தால் தடையில்லாமல் போக வேண்டும். துப்பாக்கி தாங்கியில் சாயும்போதும் வாரை இழுத்துப் பிடிக்கும்போதும் முன்கட்டை வளைந்து குழலைத் தொடக்கூடும், அந்த நிலையிலும் தாளை ஓட்டிப் பாருங்கள்.

ஆக, பழுது பெரும்பாலும் இரண்டு வகை: பதிய வேண்டியது பதியவில்லை, அல்லது தொடக்கூடாதது தொடுகிறது. முதல் சில குண்டுகள் சேர்ந்து விழுந்து, சூடேறியபின் ஒரே திசையில் நகர்ந்தால் தொடுதலைச் சந்தேகிக்கலாம் (குழலுக்குள்ளேயே தேங்கிய இறுக்கமும் இப்படிச் செய்யும்). குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறினால் பதிப்பைப் பாருங்கள். துப்பாக்கி காலி என்று உறுதிசெய்துகொண்டு, குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையே நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் ஒரு டயல் அளவியைப் பொருத்தி, ஆக்‌ஷன் திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். முள் 0.05 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் ஆக்‌ஷன் வளைந்த நிலையில் பதிந்திருக்கிறது. எபாக்ஸியைச் சுரண்டி மறுபடி செய்ய வேண்டியதுதான். லக்கின் பின்முகம் மட்டும் கட்டையில் அழுந்த வேண்டும். அதன் முன்னும் பக்கங்களிலும் அடியிலும் நூலளவு இடைவெளி தேவை. பதிக்கும்போது டேப் ஒட்டுவது அதற்காகத்தான். திருகு தன் துளையின் பக்கச் சுவரில் உரசக் கூடாது. தோட்டா அடுக்கும் மெகசின் பெட்டி ஆக்‌ஷனுக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் நெரிபடக் கூடாது.

இத்தனையும் பார்த்துவிட்டு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) திருகைப் பார்க்காமல் விடுபவர்கள் நிறைய. ஆக்‌ஷனைக் கழற்றி மாட்டும் கலாட்டாவில் அது தளர்ந்திருக்கலாம். குழல் வாய் விளிம்பில் கீறல் விழுந்திருக்கவும் வாய்ப்புண்டு.

எல்லா ரைபிளுக்கும் தொடாக்குழல் ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். நம்மூர் போலீஸார் தோளில் நெடுங்காலம் தொங்கிய 303, லீ-என்ஃபீல்டு வகை. அதன் நம்பர் 4 மாதிரியில் முன்கட்டையின் நுனி குழலைச் சில பவுண்டு விசையோடு மேலே தள்ளும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். நவீன ரைபிளுக்கான சூத்திரத்தை அதன்மேல் ஏற்றி மரத்தைச் செதுக்கினால் குறி கெடுவதில் வியப்பில்லை. வேட்டை ரைபிள்களிலும், மெல்லிய குழல் என்றால், சில அந்த நுனி அழுத்தத்தையே விரும்புகின்றன. ஃப்ளோட் செய்தபின் குறி கெட்ட துப்பாக்கியில், முன்கட்டை நுனிக்கும் குழலுக்கும் நடுவே அட்டைத் துண்டு இரண்டு மூன்றைச் செருகிச் சுட்டுப் பார்க்கலாம். குண்டுகள் மறுபடி சேர்ந்து விழுந்தால், அதே இடத்தில் எபாக்ஸியால் ஒரு சிறு மேடு கட்டிவிட வேண்டியதுதான்.