பரிணாமமா, கூர்ப்பா?

மண்டபத்தில் நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது, இலங்கை மன்னாரிலிருந்து படகில் வந்து அகதி முகாமில் தங்கியிருந்த பெண் ஒருத்தி எங்கள் வகுப்பில் சேர்ந்தாள். விலங்கியல் ஆசிரியர் டார்வினைப் பற்றிக் கேட்டதும் எழுந்து, "கூர்ப்புக் கொள்கை, சேர்" என்று தொடங்கினாள். வகுப்பே சிரித்தது. எங்களுக்கு பென்சில் சீவுவது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "பரிணாம வளர்ச்சின்னு சொல்லும்மா" என்று ஆசிரியர் திருத்தினார். அப்புறம் ஒரு நாள், மரபணுவில் நேரும் மாற்றமான சடுதி மாற்றத்தை அவள் 'விகாரம்' என்றபோது சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்தான். பாடநூல் தமிழ் அதைவிடத் தூரம்.

சிரித்தது தப்பு என்று எனக்குப் பிடிபட ரொம்ப வருடம் ஆனது.

பரிணாமம் வடசொல். 'நம்' என்றால் வளைதல், சாய்தல். நமஸ்காரத்தில் இருப்பதும் அதே வேர்தான். 'பரி' சேர்ந்ததும், ஒன்று முழுக்கத் திரும்பி வேறொன்றாக ஆவது என்ற பொருள் வந்துவிடுகிறது. சாங்கியத் தத்துவத்தில் பரிணாமவாதம் என்றே ஒரு கொள்கை உண்டு. அதற்குச் சொல்லும் வழக்கமான எடுத்துக்காட்டு, பால் தயிராவது. தயிர் பாலைவிட உயர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. பால் மாறியது, அவ்வளவுதான். (இதைப் 'பரிமாண வளர்ச்சி' என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பரிமாணம் என்பது நீளம், அகலம், உயரம் பற்றியது. டார்வினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

ஆக, பரிணாமம் தன்னளவில் நல்ல சொல்தான். கெடுத்தது பின்னால் ஒட்டிய 'வளர்ச்சி'. அந்த வாலைப் பார்த்ததும் படிக்கிறவர் மனத்தில் ஓர் ஏணி எழுந்து நின்றுவிடுகிறது: கீழே மீன், நடுவில் குரங்கு, உச்சியில் நாம். தனித்தமிழில் படிவளர்ச்சி, படிமலர்ச்சி என்றார்கள். அதில் ஏணிப்படியே சொல்லுக்குள் ஏறிக்கொண்டது.

ஆங்கிலச் சொல்லும் ஒழுங்கில்லை. 'எவல்யூஷன்' லத்தீனிலிருந்து வந்தது. சுருட்டி வைத்த ஏட்டை விரித்துப் படிப்பது என்பது அதன் பழைய பொருள். கருவுக்குள் குட்டியுருவாக எல்லாம் முன்பே இருக்கிறது, அது விரிந்துகொள்கிறது என்று நம்பிய 18ஆம் நூற்றாண்டுக் கருவியலாளர்கள் அந்தச் சொல்லைக் கையில் எடுத்தார்கள். ஏற்கெனவே எழுதி முடித்த ஏடு என்ற வாசனை அதில் உண்டு. டார்வின் 1859இல் வெளியிட்ட நூலின் முதல் பதிப்பில் இந்தப் பெயர்ச்சொல் கிடையாது. அதன் வினை வடிவம் மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக வருகிறது. 1872இல் வந்த ஆறாம் பதிப்பில்தான் பெயர்ச்சொல் உள்ளே நுழைந்தது. அவர் பெரிதும் புழங்கிய தொடரை நம் வழக்கில் சொன்னால், 'திரிபோடு வழிவழியாக வருதல்'.

வளர்ச்சி என்ற சொல் எவ்வளவு பொருந்தாது என்பதை எனக்குக் காட்டியது ஓர் ஆவுளியா. கடல்பசு என்று புத்தகத்தில் போடுவதை எங்கள் கரையில் அப்படித்தான் சொல்வோம். ஒரு முறை செத்துக் கரை ஒதுங்கியதை அறுத்துச் சோதித்தபோது பக்கத்தில் நின்றிருந்தேன். துடுப்பின் தோலை உரித்ததும் உள்ளே கை. தோள், முழங்கை, மணிக்கட்டு, ஐந்து விரல் எலும்பு, எல்லாம் கையுறை போட்ட மாதிரி. பின்பக்கம் கால் இல்லை. ஆனால் தசைக்குள் புதைந்து இரண்டு சின்ன எலும்புக் குச்சிகள் கிடந்தன. காலே இல்லாத உடம்பில் இடுப்பெலும்பின் மிச்சம். இதன் பழைய உறவான பெசோசைரன் நான்கு காலோடு நடந்த பிராணி. ஜமைக்காவில் கிடைத்த அதன் எலும்புகள் சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையானவை. அறிவியல் உலகுக்கு அது அறிமுகமானது 2001இல். இன்று உயிரோடிருக்கும் நிலவிலங்குகளில் யானை ஆவுளியாவுக்கு நெருங்கிய சொந்தம்.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்ற வயதான மீனவர் ஒருவர், "அப்போ காலை வித்து வாலை வாங்கியிருக்குன்னு சொல்லுங்க தம்பி" என்றார். கால் போனதை வளர்ச்சி என்று எப்படி எழுதுவது? கடற்புல் மேய்கிற பிழைப்புக்கு வால் உதவியது, கால் உதவவில்லை.

சரி, கூர்ப்புக்கு வருவோம். "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்" என்பது தொல்காப்பிய உரியியல். முன்பே இருக்கிற ஒன்று மிகுவதைக் குறிக்கும் சொற்கள் இவை. அன்புகூர்ந்து, நினைவுகூர்ந்து என்று நாம் தினமும் எழுதுவதும் இந்தக் 'கூர்'தான். இலங்கைப் பாடநூல்கள் கூர்ப்பு என்றும், வினையாக 'கூர்ப்படைந்தது' என்றும் எழுதுகின்றன. சிறப்பது என்ற சாயல் இதிலும் ஒட்டியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் புதிதாக ஒன்று வானத்திலிருந்து குதிப்பதில்லை, உள்ளதுதான் மாறுகிறது என்ற கருத்து இதில் அழகாக உட்கார்ந்திருக்கிறது. என் வாக்கு கூர்ப்புக்கு. பழகாதவர்கள் வெறும் பரிணாமம் என்று நிறுத்திக்கொள்ளலாம். வினை வேண்டுமானால் 'பரிணமித்தது' கைவசம் இருக்கிறது.

விகாரத்துக்குத்தான் நாங்கள் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பேச்சில் அது அவலட்சணம். இலக்கண வகுப்பிலோ "தோன்றல் திரிதல் கெடுதல்" மூன்றையும் நன்னூல் விகாரம் என்கிறது. இதை மனப்பாடமாக ஒப்பித்தவர்கள்தான் விலங்கியல் வகுப்பில் சிரித்தோம். வாழைப்பழத்தில் ஒரு 'ப்' தோன்றியது, பொற்குடத்தில் 'ன்' 'ற்' ஆகத் திரிந்தது, மரவேரில் 'ம்' கெட்டது, அதாவது மறைந்தது. நான்கு வேதி எழுத்துகளால் எழுதிய மாதிரி இருக்கும் டி.என்.ஏ.விலும் இதே மூன்றும் நடக்கின்றன. மூளை நரம்புகளைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோயில் மூன்றெழுத்துத் துணுக்கு ஒன்று அளவுக்கு மீறித் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது. ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளையும் அரிவாள்செல் நோயில் ஓர் எழுத்து திரிகிறது. நுரையீரலைப் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் பெரும்பாலும் மூன்று எழுத்து கெடுகிறது. அரிவாள்செல் திரிபு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு. இவ்வளவு கச்சிதமான கலைச்சொல்லை வீட்டில் வைத்துக்கொண்டு நாம் 'சடுதி' என்று எழுதுகிறோம். பெரும்பாலான திரிபுகள் ஆரவாரமில்லாமல் நடந்து போகிறவை என்பது வேறு விஷயம்.

ஜீன் என்ற சொல்லை 1909இல் ஆக்கியவர் டென்மார்க்கின் யோஹான்சன். அதற்கு மரபணு நிலைத்துவிட்டது, இருக்கட்டும். அதிலுள்ள அணு வேதியியல் அணு அல்ல. மிகச் சிறிய கூறு என்றே கொள்ள வேண்டும். இலங்கையில் பரம்பரையலகு என்கிறார்கள்.

இந்தப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்று சிவபுராணத்தை எடுப்பார். உத்தரகோசமங்கையை அத்தனை உருகிப் பாடிய மாணிக்கவாசகர் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. அவருக்கு டார்வின் வேலையை ஏற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை. அந்த வரிசையில் புழுவுக்குப் பிறகு மரம், பாம்புக்குப் பிறகு கல், மனிதருக்குப் பிறகு பேய். ஓர் உயிர் பிறவி பிறவியாக அலுத்துப்போனதைச் சொல்கிறார். ஓர் இனம் இன்னொன்றாக மாறியதை அல்ல.

இன்னொரு வழக்கமான கேள்வி, குரங்கிலிருந்து மனிதன் வந்தால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது என்பது. தங்கச்சிமடத்தில் ஒரு டீக்கடையில் போன மாதம் அதற்கு மாட்டிக்கொண்டேன். குரங்கு நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி என்றேன். நம்மூர்க் குரங்குக்கும் நமக்கும் பொதுப் பாட்டன் இருந்தது சுமார் 2.5 கோடி ஆண்டுக்கு முன்பு. சிம்பன்சிக்கும் நமக்கும் 60, 70 லட்சம் ஆண்டு. பெரியப்பா மகன் தலைமன்னாரில் குடியேறினால் இங்கே இருக்கிற நீங்கள் மறைந்துபோய்விடுவீர்களா என்று கேட்டேன். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "பங்காளின்னா சொத்துல பங்கு கேக்குமே அண்ணே" என்றார்.