லூசிபர் – சொல் விளக்கம்

நம் வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தை ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தின விசேஷம் வரை புரட்டினாலும் 'லூசிபர்' என்ற பெயர் கிடைக்காது. ஆனால் பிரசங்கங்களில் அது அடிக்கடி கேட்கிற பெயர். சாத்தான் தேவதூதனாக இருந்து விழுவதற்கு முன் அவனுக்கு இருந்த பெயர் லூசிபர் என்று நானும் சிறுவயதில் கேட்டு வளர்ந்தவன்தான். சரி, வேதாகமத்தில் இல்லாத பெயர் எங்கிருந்து வந்தது?

வந்தது ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 14:12-இல் இருந்து. "அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே, நீ வானத்திலிருந்து விழுந்தாயே!" என்று தமிழில் வாசிக்கிறோம். எபிரெய மூலத்தில் இருப்பது 'ஹேலேல் பென் ஷாகர்'. ஹேலேல் என்றால் ஒளிர்பவன், ஷாகர் என்றால் வைகறை. கிறிஸ்துவுக்கு முன்பே இதைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'ஹெயோஸ்போரோஸ்', அதாவது வைகறையைக் கொண்டுவருபவன் என்று எழுதினார்கள். இலத்தீனில் அது 'லூசிபெர்' ஆனது. லுக்ஸ் என்றால் ஒளி, பெர்ரே என்றால் சுமத்தல், கொண்டுவருதல். ஆக, லூசிபர் என்றால் ஒளி கொணர்வோன். உரோமர்கள் அதை விடியலில் தெரியும் வெள்ளிக் கோளுக்குச் சாதாரணமாகப் புழங்கினார்கள். கிரேக்கத்தில் இதே பொருள் கொண்ட இன்னொரு சொல் 'பாஸ்போரோஸ்'. வேதியியலில் வரும் பாஸ்பரஸுக்கும் அதுதான் வேர்.

இனி அந்த வசனத்துக்குப் பின்னால் இருக்கும் கதைக்கு வருவோம். சிரியாவின் கடலோரத்தில் ராஸ் ஷம்ரா என்ற இடத்தில் 1929-இல் அகழாய்வு தொடங்கியபோது, உகாரித் என்ற பழைய நகரம் வெளிப்பட்டது. அங்கே கிடைத்த களிமண் பலகைகளில் கானானியத் தெய்வமான பாகாலின் கதை இருக்கிறது. பாகால் இறந்துபோகிறான், அவன் அரியணை காலியாகிறது. அத்தார் என்ற தெய்வம் சாபோன் மலையின் உச்சிக்கு ஏறி அதில் உட்கார்ந்து பார்க்கிறான். கால் பாதப்படிக்கு எட்டவில்லை, தலை அரியணையின் உச்சிக்கு எட்டவில்லை. என்னால் இங்கே ஆள முடியாது என்று சொல்லி இறங்கி, பூமியை ஆளப் போகிறான். இந்த அத்தார், விடிவெள்ளியோடு சேர்த்துப் பேசப்படும் தெய்வம்.

இப்போது ஏசாயாவின் அடுத்த வசனத்தைப் பாருங்கள். வானத்துக்கு ஏறுவேன், நட்சத்திரங்களுக்கு மேலாக என் சிங்காசனத்தை உயர்த்துவேன், 'வடபுறங்களிலுள்ள' பர்வதத்தில் வீற்றிருப்பேன் என்கிறான், விடிவெள்ளி என்று அழைக்கப்பட்டவன். அந்த 'வடபுறம்' எபிரெயத்தில் 'சாபோன்'. அதே மலையின் பெயர்! இரண்டும் ஒரே கதை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஏசாயாவில் வருபவன் தள்ளப்படுகிறான், அத்தார் தானே இறங்குகிறான். ஆனால் இரண்டுக்கும் உறவு உண்டு என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. எனக்கும் அப்படித்தான் படுகிறது, ஏனென்றால் வானமே அந்தக் கதையைச் சொல்கிறது. விடிவெள்ளி எல்லா விண்மீனையும்விடப் பளிச்சென்று கிழக்கில் ஏறும். ஆனால் சூரியனை விட்டு சுமார் 47 பாகைக்கு மேல் விலகாது. உச்சியை எட்டுவதற்குள் பகல் வந்து அதை விழுங்கிவிடும். தீர்க்கதரிசி இந்தப் படிமத்தை எடுத்தது யாருக்காக? அதே அதிகாரத்தின் 4-ஆம் வசனம் சொல்கிறது: பாபிலோன் ராஜாவுக்காக. செத்துப்போன ஒரு கொடுங்கோலன்மீது பாடிய ஏளனப் பாட்டு அது. சாத்தான் என்ற சொல்லே அந்த அதிகாரத்தில் இல்லை.

"சாத்தான் மின்னலைப்போல வானத்திலிருந்து விழுகிறதைக் கண்டேன்" என்று லூக்கா 10:18-இல் இயேசு சொல்வதை இதோடு சேர்த்து வாசித்தவர்கள் ஓரிகன் போன்ற 3-ஆம் நூற்றாண்டுச் சபைப் பிதாக்கள். அந்த வாசிப்பு நிலைத்து, கோளின் பெயர் பேயின் பெயராகிவிட்டது. 16-ஆம் நூற்றாண்டுச் சபைச் சீர்திருத்தத்தின் தலைவர்களில் ஒருவரான கால்வின் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 1611-இன் ஆங்கில வேதாகமம் 'லூசிபர்' என்பதை அப்படியே வைத்துக்கொண்டதால் பெயர் உலகமெங்கும் பரவியது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. 2 பேதுரு 1:19-இல் "விடிவெள்ளி உங்கள் இருதயங்களில் உதிக்குமளவும்" என்று வருகிறதே, இலத்தீன் வேதாகமத்தில் அங்கேயும் 'லூசிபெர்' என்றே இருக்கிறது. அங்கே அது நம்பிக்கையின் ஒளி. உயிர்ப்புப் பெருவிழாவின் இரவில் பாஸ்கா திரியின் முன் பாடும் இலத்தீன் புகழுரையில், மறையாத 'லூசிபெர்' என்று கிறிஸ்துவையே அழைக்கிறார்கள். 4-ஆம் நூற்றாண்டில் சார்டினியாத் தீவின் காலியரி நகரத்து ஆயருக்கும் இதே பெயர். கெட்ட பெயராக இருந்திருந்தால் ஒரு ஆயர் அதைச் சுமந்திருப்பாரா?

தமிழில் சரியான சொல் விடிவெள்ளிதான். விடிகிற, விடிந்த, விடியும் என்று முக்காலமும் அடங்கிய வினைத்தொகை. சங்க இலக்கியத்தில் இது 'வைகுறு மீன்'. ஆண்டாள் "வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று" என்று பாடியதும் இதே வெள்ளியைத்தான். ஊரில் இன்றும் 'வெள்ளி முளைச்சாச்சு' என்றால் எழுந்து வேலைக்குக் கிளம்பும் நேரம். 'ஒளியேந்தி' என்று புதிதாக ஆக்கலாம். சொல்லுக்குச் சொல் பொருந்தும், ஆனால் கோளைக் காட்டாது.

பேயைக் குறிக்க வேண்டிய இடத்தில் சாத்தான் இருக்கிறது, பிசாசு இருக்கிறது. கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் குறள் (850) அறிந்த 'அலகை' இருக்கிறது. பிற்கால மரபில் வரும் விழுந்த தூதனைப் பற்றித்தான் பேசுகிறோம் என்றால் 'லூசிபர்' என்று பெயராகவே எழுதலாம். ஏசாயாவின் வசனத்தை விளக்கும்போது மட்டும் விடிவெள்ளியை எடுத்துவிட்டு அந்தப் பெயரை அங்கே வைக்க வேண்டாம். அப்படி வைத்தால், வெளிப்படுத்தின விசேஷம் 22:16-இல் "பிரகாசமுள்ள விடிவெள்ளி நட்சத்திரமுமாயிருக்கிறேன்" என்று இயேசு தம்மைப் பற்றியே சொல்வது நம் காதில் விழாமல் போய்விடும்.