சோறும் ரொட்டியும் ஏன் விறைக்கின்றன?

மீந்துபோன சோற்றை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்தால் பருக்கைகள் விறைத்துக் கிடக்கும். கையால் உதிர்த்தால் ஒவ்வொன்றும் தனியாகப் பிரியும். காய்ந்துவிட்டது என்று சொல்லிக் கொட்டுபவர்கள் உண்டு. ஆனால் மூடிய பாத்திரத்தில் இருந்த சோற்றிலிருந்து நீர் பெரிதாக எங்கும் போயிருக்காது.

அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என இரண்டு வகை மூலக்கூறுச் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நீரில் போட்டுச் சூடேற்றினால், சுமார் 60 முதல் 80 டிகிரி செல்சியசுக்குள் அந்த அடுக்கு குலைகிறது. சங்கிலிகளுக்கு இடையே நீர் புகுந்து அரிசி உப்புகிறது. வேகுதல் என்பது இதுதான். ஆறத் தொடங்கியதும் சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மறுபடி அடுக்காகச் சேரப் பார்க்கின்றன. கிளைகள் குறைந்த அமைலோஸ் சில மணி நேரத்தில் இறுகிவிடும். கிளைகள் மிகுந்த அமைலோபெக்டினுக்கு நாள் கணக்கில் ஆகும். புதிய அடுக்கு பழையதைப் போல அச்சாக அமையாது. ஆனாலும் பல்லுக்குத் தெரியும் அளவுக்கு உறுதியானது.

ரொட்டியிலும் இதே கதைதான். நீர் வெளியேறாதபடி அடைத்து வைத்தாலும் ரொட்டி விறைக்கிறது, 60 டிகிரிக்குச் சூடாக்கினால் மறுபடி மிருதுவாகிறது என்று பிரெஞ்சு வேதியியலாளர் புசங்கோ 1852-லேயே காட்டினார். அந்த மிருதுத்தன்மை நெடுநேரம் நிற்காது, சூட்டோடு சாப்பிட்டுவிட வேண்டும். இன்னொன்று: மாவுச்சத்து மிக வேகமாக இறுகுவது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது சரியாக ஃபிரிட்ஜின் வெப்பநிலையில். பூஞ்சைக்குப் பயந்து ரொட்டியை அங்கே வைப்பவர்கள் அது விறைப்பதை விரைவுபடுத்துகிறார்கள். மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் இந்த மாற்றம் ஏறக்குறைய நின்றுவிடும். இரண்டு நாளில் தீராது என்று தெரிந்தால் துண்டு போட்டு அங்கே வைப்பதே நல்லது.

விறைத்ததை வைத்து என்ன செய்வது? வறுத்த சோற்றுக்கு நேற்றைய சோறுதான் பொருத்தம். சுடச்சுட வடித்த சோறு வாணலியில் ஒட்டிக் குழைந்துவிடும். முட்டையிலும் பாலிலும் ஊறவைத்துப் பொரிக்கும் ரொட்டிக்கும் அப்படியே. புது ரொட்டி ஊறியதும் பிய்ந்துபோகும், பழையது உறிஞ்சிக்கொண்டும் உருக்குலையாமல் நிற்கும். அவித்து ஆறவைத்த உருளைக்கிழங்கு வறுக்கும்போது உடையாது. வேறு வழியில்லாமல் செய்யும் சமாளிப்பு என்று இதை நான் கருதுவதில்லை. இந்தப் பண்டங்களுக்கு உரிய மூலப்பொருளே இதுதான்.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022-ல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். தோல், எலும்பு போன்ற உண்ண முடியாதவையும் இதில் அடக்கம். சுமார் 60 சதவீதம் வீடுகளில் வீணானது.

வாடிய கீரையும் பல நேரம் கெட்டுப்போனதல்ல. செல்களுக்குள் நீரின் அழுத்தம் குறைந்ததால் இலை துவள்கிறது. குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் போட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். வழவழப்பாகிவிட்டால் நுண்ணுயிர்கள் செல்சுவரையே சிதைத்துவிட்டன என்று பொருள். அதைக் காப்பாற்ற முடியாது.

சோற்றில் மட்டும் ஓர் எச்சரிக்கை. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியையும் தாங்கி அரிசியில் உயிரோடு இருக்கும். சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது, வாசனையிலும் தெரியாது. எனவே மீந்த சோற்றை அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி ஆற்றி, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இரவு முழுவதும் பாத்திரத்தோடு வெளியே கிடந்த சோற்றை வறுக்க எடுக்காதீர்கள்.